பனையேறி மகளின் பதில்கள்

போன இதழில் ஈரோட்டு வாசகி ஒருவர், கருப்பட்டி காய்ச்சும்போது பொங்கி வழியாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார். ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவோம் என்று பதில் எழுதினேன். கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். இந்தப் பதில் சரிதானா என்று கேட்டுக்கொள்ள இப்போது அப்பா இல்லை, 45 வருடம் பனையேறியவர், தை மாதம் காலமானார் என்று. ஆறுதல் சொல்லியும் கேள்வி கேட்டும் அந்த இரண்டு வரிக்குக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. மூன்று வருடமாக இந்தப் பக்கத்தில் சமையல், பிள்ளை வளர்ப்பு, பள்ளிக்கூடம் என்று எழுதி வருகிறேன். இந்த ஒரு இதழ் மட்டும் அப்பாவைப் பற்றிய கேள்விகளுக்கு. ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

பனை மரத்தைப் படத்திலும் பஸ் ஜன்னலிலும் பார்த்ததோடு சரி. பனையேறுகிறவர் ஒரு நாள் முழுக்க என்னதான் செய்வார்? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் நீளமாக எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் உடன்குடிக்குத் தெற்கே, தேரியை ஒட்டி இருக்கிறது. தேரி என்றால் செம்மணல் மேடு. நடந்தால் கணுக்கால் புதையும். அந்த மண்ணில் பனை நன்றாக வரும். தை மாதம் பாளை, அதாவது பூங்குலை, விடத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் பதநீர் நிறைய ஊறும். ஆடியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அந்த ஆறேழு மாதமும் அப்பா காலை மூன்றரைக்கு எழுந்துவிடுவார்.

எழுந்ததும் அரிவாள் தீட்டுவார். தீட்டுப்பலகையில் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவி, அரிவாளை ஒரே சாய்வில் வைத்து இழுப்பார். அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குப் பொழுது விடியும். பாளை அரிவாள் கூர் குறைந்திருந்தால் பாளை நசுங்கும், நசுங்கினால் ஊறாது. சீவுவது எவ்வளவு தெரியுமா? வெங்காயச் சருகு கனம். அதற்குமேல் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். குறைவாகச் சீவினால் பதநீர் ஊறும் கண் திறக்காது.

அப்புறம் இடுப்பில் அரிவாள் பெட்டி, சுண்ணாம்புப் பெட்டி, குடுவை. தோளில் முருக்குத்தடி. தடியை மரத்தில் சாய்த்து அதில் ஒரு கால் வைத்து முதல் எட்டு ஏறுவார். பிறகு இரண்டு பாதத்தையும் தளைநார் என்ற நார் வளையத்துக்குள் கோத்துக்கொண்டு, மரத்தைக் கட்டிப்பிடித்து, கையை மேலே நகர்த்தி காலை இழுத்து, கையை நகர்த்தி காலை இழுத்து மேலே போவார். நெஞ்சு மரத்தில் உரசும். எங்கள் அப்பாவின் நெஞ்சில் முடி கிடையாது. தோல் காய்த்துப்போய் கட்டாந்தரை மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன், கன்னம் வலிக்கும், ஆனாலும் நகர மாட்டேன்.

உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கலயத்தை அவிழ்த்து, ஊறியிருப்பதைக் குடுவையில் ஊற்றி, பாளையைச் சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித் திரும்பக் கட்டுவார். சுண்ணாம்பு தடவினால்தான் பதநீர் புளிக்காமல் நிற்கும். ஒரு மரத்தில் மூன்று, நாலு கலயம் தொங்கும். பாளை வெடித்து வரும் முன்னமே அதைக் கடிப்பு என்ற இடுக்கியை வைத்து நாள்தோறும் இடுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண் பனைக்கு ஒரு கடிப்பு, பெண் பனைக்கு வேறு கடிப்பு. எந்த மரத்தை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. மரத்துக்கு மரம் மாறும். அப்பாவுக்கு அவருடைய 45 மரமும் தனித்தனியாகத் தெரியும். "கிழக்கோரத்து நெட்டை கொஞ்சம் முரடு, ரெண்டு நாள் கூட இடுக்கணும்" என்பார், ஏதோ வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் பேசுவது போல.

காலையில் 45 மரமும் ஏறி இறங்க ஒன்பது மணி ஆகும். பிறகு காவடியில் பதநீர் விடிலிக்கு வரும். விடிலி என்பது காய்ச்சுவதற்காகப் போட்ட ஓலைக்குடிசை. அங்கிருந்து அம்மாவின் வேலை. வட்டையில் ஊற்றி, பனை மட்டையும் காவோலையும் எரித்து, பாகு பதம் வரும்வரை துடுப்பு போட்டுக் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுவாள். ஏழெட்டு லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். சாயங்காலம் அப்பா மறுபடி 45 மரம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் நான் கணக்குப் போட்டேன். ஒரு மரம் சராசரி 35 அடி, 45 மரம், இரண்டு வேளை. 3,150 அடி. மீட்டரில் 960. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து தொடங்கினாலும் மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் அப்பா தொட்டபெட்டாவைத் தாண்டியிருப்பார். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கணக்கு சரிதாம்ளா. எறங்குனத நீ கூட்டலையே, எறக்கந்தான் முழங்கால வாங்குது" என்றார். 60 வயதில் ஏறுவதை நிறுத்தியதும் முழங்காலால்தான்.

விடுமுறை உண்டா? (இல்லத்தரசி, விருதுநகர்)

பருவம் தொடங்கிவிட்டால் கிடையாது. பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் கண் அடைத்துக்கொள்ளும். பிறகு பழைய மாதிரி ஊறாது. என் சின்ன அத்தையின் கல்யாணம் ஒரு சித்திரையில் நடந்தது. அப்பா விடியுமுன் பாதி மரம் ஏறிவிட்டு, கிணற்றில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, தலை ஈரத்தோடு வந்து தாலி கட்டும்போது நின்றார். சாப்பிட்டதும் மிச்ச மரத்துக்குப் போய்விட்டார். அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவாள். குறையாகச் சொல்வதில்லை. அண்ணன் வந்துவிட்டான் என்று சொல்லித்தான் அழுவாள்.

ஊரில் சாவு விழுந்தால் மட்டும் துக்க வீட்டுக்காரரின் மரங்களை மற்றவர்கள் ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டு சீவிக் கொடுப்பார்கள். கூலி கிடையாது. ஊறிய பதநீரும் அந்த வீட்டுக்கே போகும்.

உங்கள் அப்பா கைவேலைக்காரர் என்று ஒரு முறை எழுதியிருந்தீர்கள். என்னவெல்லாம் செய்வார்? (ஓய்வுபெற்ற தபால்காரர், சங்கரன்கோவில்)

பருவம் இல்லாத மாதங்களில் அவரைப் பார்த்திருக்க வேண்டும் ஐயா. ஒரு நாள் கூடச் சும்மா இருந்ததில்லை.

மட்டையை ஊறவைத்துத் தட்டி நார் எடுத்துக் கட்டில் பின்னுவார். எங்கள் தெருவில் 14 வீடு, பதினான்கிலும் அவர் பின்னிய கட்டில் இருந்தது. படுக்கிற ஆளைப் பார்த்துத்தான் பின்னலை இறுக்குவார். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொஞ்சம் தளர, இடுப்புவலிக்காரருக்கு விறைக்க. எங்கள் பாட்டிக்கு எழுந்திருக்க முடியாமல் போனபோது கால்மாட்டில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டார். பாட்டி முடிச்சு முடிச்சாகப் பிடித்து எழுந்து உட்காருவாள்.

வீட்டுக் கூரைக்குக் கைமரம் இழைப்பது, கிணற்றுக் கப்பிக்கு அச்சு மாற்றுவது, அரிக்கேன் விளக்கு, குடை, சைக்கிள், எல்லாம் அவரிடம் வரும். பழைய புகையிலை டப்பா ஒன்று வைத்திருந்தார். அதற்குள் வளைந்த ஆணிகளை நிமிர்த்திப் போட்டிருப்பார். கூடவே வாஷர், மரை தேய்ந்த திருகு, யாருடையது என்று தெரியாத இரண்டு சாவி. ஏதாவது உடைந்தால் முதலில் டப்பாவைக் குலுக்குவார். குலுக்கும் சத்தத்திலேயே வேண்டிய சாமான் உள்ளே இருக்கிறதா என்று அவருக்குத் தெரியும் என்று நாங்கள் நம்பினோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது புரட்டாசி மாதம். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் விரதம் இருந்து வேஷம் கட்டுவார்கள். காளி வேஷக்காரர்களின் கிரீடம் கோணிக்கொள்ளும், கூடுதல் கைகள் தொங்கிப்போகும். எல்லோரும் எங்கள் முற்றத்துக்குத்தான் வருவார்கள். அப்பா ஈர்க்கையும் நாரையும் வைத்து உள்ளே ஒரு கூடு கட்டிக் கிரீடத்தைத் தலையில் உட்காரவைப்பார். "ஆடிப் பாரு" என்பார். அந்த ஆள் தலையை ஆட்டுவார். "இன்னும் ஆடு." கிரீடம் அசையாது. அதற்கு அவர் காசு வாங்கியதில்லை, அம்மனுக்கு என்று விட்டுவிடுவார்.

பயம் இருந்ததா? எப்போதாவது விழுந்திருக்கிறாரா? இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கணவர் கட்டட வேலைக்குச் சாரம் ஏறுகிறவர். (வாசகி, திருவள்ளூர்)

மன்னிப்பு எதற்கு அம்மா? உங்களுக்குத்தான் இதைக் கேட்க உரிமை உண்டு.

விழுந்தார். 1994 வைகாசியில். மத்தியானம் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்தது. ஈர மரத்தில் ஏறக்கூடாது என்பது அவரே மற்றவர்களுக்குச் சொல்லும் பேச்சு. அன்றைக்கு ஏறினார். நான் அப்போது கல்லூரியில் சேரப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதை அவர் ஒருநாளும் காரணமாகச் சொன்னதில்லை, நானாகத்தான் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இறங்கும்போது பதினைந்தடி உயரத்தில் கால் வழுக்கிவிட்டது. கீழே தேரி மணல். அதனால்தான் பிழைத்தார். இடது தோள் விலகி, இரண்டு விலா எலும்பு விரிசல். 40 நாள் கட்டிலில் கிடந்தார்.

மரங்களைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்தோம். பாட்டப் பணம் கட்டியாக வேண்டும். கருப்பட்டி தருவதாகச் சொல்லி வியாபாரி ஒருவரிடம் முன்பணமும் வாங்கியிருந்தது. அவர் அந்த வாரமே வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். சாவுக்குச் செய்வது போலவே ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஐந்து மரமாக எடுத்துக்கொண்டு, அந்த 40 நாளும் எங்களுக்குப் பதநீர் இறக்கினார்கள். அப்பா கட்டிலில் கிடந்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். கலயத்தை மட்டையில் தட்டும் சத்தம் வரும். "மாமா தெக்கு மரத்துல நிக்காரு. ரெண்டு தட்டு தட்டுதாரு, கலயம் நெறையல" என்பார். சாயங்காலம் மாமா வரும்போது கேட்டால் அப்படியேதான் இருக்கும்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. தினமும் காலையில் புறப்படும் முன், முற்றத்து வேப்பமரத்தில் தளைநாரை மாட்டி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து மூன்று தடவை இழுப்பார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது சாமி கும்பிடுவது என்று நினைத்திருந்தேன். ஒரு நார் முறிந்து மேலே சிலிர்த்திருந்தால் கூட அன்றைக்கே வேறு தளை. பழையதை எங்களுக்கு ஊஞ்சல் கட்டக்கூடத் தர மாட்டார். அரிவாளால் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போடுவார், வேறு யாரும் தெரியாமல் எடுத்துக் காலில் மாட்டிவிடக் கூடாது என்று.

ஏறுவதை நிறுத்தியபிறகும் இழுத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. நான் ஊருக்கு வந்து திரும்பும்போது பை வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்துத்தான் பஸ்ஸில் ஏற்றுவார். பேத்தியின் தொட்டில் கயிறு, பேரனின் செருப்பு வார், ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது குளுக்கோஸ் தொங்கவிட்ட கம்பி. கையை நீட்டி அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தார். நர்ஸ் அம்மா பதறிப்போனார். அப்பா தலையை ஆட்டி, "உறுதியாத்தாம்மா இருக்கு" என்றார்.

உங்கள் கணவர் சாரக்கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுகிறாரா என்று கேளுங்கள். அவருக்கு நேரம் இல்லையென்று சொன்னால், எங்கள் அப்பாவுக்கு 45 மரம் இருந்தது என்று சொல்லுங்கள்.

உங்கள் அப்பா கள் இறக்கியதில்லையா? (வாசகர், தர்மபுரி)

சட்டம் அனுமதித்த வருடங்களில் கொஞ்ச மரம் கள்ளுக்கு விட்டிருந்தார். 1987-ல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. அதிலிருந்து பதநீர் மட்டும்தான். கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் மரத்தடியில் நின்று பார்க்கிறவருக்கு அது தெரியாது. அந்த வருடம் எனக்கு 11 வயது. சோதனைக்கு வந்தவர்கள் சுண்ணாம்பு தடவிய கலயங்களையே உடைத்தார்கள். அப்பா ஒரு கலயத்துச் சில்லை எடுத்து அவர்கள் மூக்கருகே நீட்டி, "மோந்து பாருங்கய்யா, சுண்ணாம்பு" என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதை மறக்கவும் இல்லை, மறக்கப்போவதும் இல்லை.

பனையில் என்ன பறவைகள் இருக்கும்? உங்கள் அப்பாவுக்குப் பறவைகள் பிடிக்குமா? (ஏழாம் வகுப்பு மாணவி, நாமக்கல்)

கண்ணு, உன் கேள்விக்கு அப்பா இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். தூக்கணாங்குருவிக் கூடு உனக்குத் தெரிந்திருக்கும், ஓலை நுனியில் தொங்கும். அதைவிடச் சின்னதாக, ஓலையின் அடிப்பக்கத்தில் இறகைத் தன் எச்சிலால் ஒட்டி ஒரு குருவி கூடு வைக்கும். பனை உழவாரன் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை நான்தான் புத்தகத்தில் பார்த்து அப்பாவுக்குச் சொன்னேன். அவருக்கு அது வெறும் குருவி. ஆனால் அது எந்த ஓலையில் முட்டை வைத்திருக்கிறது என்று தெரியும். மட்டை கழிக்கும்போது அந்த ஓலையை மட்டும் விட்டுவிடுவார். பக்கத்து மரத்துக்காரர் பார்த்துவிட்டு, "என்ன ஓய், ஒத்த மட்டைய விட்டுட்டீரு?" என்று கேட்பார். "ஆள் இருக்கு" என்பார் அப்பா.

ராத்திரியில் மரநாய் ஏறிப் பதநீர் குடித்துவிடும். அதன்மேல் மட்டும் அவருக்குக் கோபம் உண்டு.

என் தோட்டத்தில் பனை வைக்க ஆசை. கன்று வாங்கி நடலாமா? (வாசகர், புதுக்கோட்டை)

விதையாகப் போடுவதுதான் நல்லது. பனை முளைக்கும்போது முதலில் கீழே போகும், மேலே வருவது அப்புறம்தான். அதனால் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆவணி, புரட்டாசியில் தானாகப் பழுத்து விழுந்த பழத்தின் கொட்டைகளை எடுத்து, ஐப்பசி மழைக்கு முன் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். பத்தடிக்கு ஒன்று. அதன்பின் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. அவசரப்படக்கூடாது. பாளை விட 15 வருடம் ஆகும், 20 கூட ஆகலாம். அதுவரை ஆணா பெண்ணா என்பதும் தெரியாது.

2001-ல் என் மகள் பிறந்தபோது அப்பா வீட்டுக்குப் பின்னால் வேலி ஓரமாக 12 கொட்டை போட்டார். ஏழு மரம் நிற்கிறது. முதல் பாளை 2019-ல் வந்தது. ஆண் பனை. அப்போது அவருக்கு 68 வயது, ஏற முடியாது. கட்டிலை மரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே கிடந்தார்.

2021-ல், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு அறிவித்த செய்தியை நான் படித்துக் காட்டினேன். பனை 1978-லேயே நம் மாநில மரமாகிவிட்டது. ஆனாலும் எங்கள் கண் முன்னால் லாரி லாரியாகச் செங்கல் சூளைக்குப் போனது. "வெட்டக்கூடாதுன்னு சொன்னது நல்லதுதான். ஏறதுக்கு ஆள் வேணும்லா" என்றார்.

நல்ல கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? (பலர்)

அப்பா செய்வதைச் சொல்கிறேன். உடைத்துப் பார்ப்பார். உடைந்த இடம் சீனிக்கல் போல மினுங்கினால் கீழே வைத்துவிடுவார். பிறகு ஒரு துண்டை நாக்கில் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். இனிப்புக்குப் பின்னால் லேசான உவர்ப்பு வர வேண்டும். வராவிட்டால் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார். 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப இனிமே சீனி கலக்க மாட்டானுவளா?"

பிள்ளைகளுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தாரா? உங்களுக்கு அவர் தொழிலைச் சொல்லக் கூச்சம் இருந்ததா? (ஆசிரியை, கோவில்பட்டி)

இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்ட விதத்தில், உங்களுக்கும் அப்படி ஏதோ இருந்திருக்கிறது என்று படுகிறது. எனக்கும் இருந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோளில் கட்டோடு பக்கத்தில் கிடந்த அப்பாவிடம், பனைத்தொழிலாளி என்று எழுதட்டுமா என்று கேட்டேன். அதுதான் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருந்தது.

"பனையேறின்னு எழுதுளா. தொழிலாளின்னா ஒரு மொதலாளி இருக்கணும்லா. மரத்துக்காரருக்குப் பாட்டம் குடுத்தாச்சுன்னா, மேல நான் மட்டுந்தான இருக்கேன்" என்றார்.

அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு எங்கேயும் வேறு சொல் போட்டதில்லை.

தம்பிக்கு அவர் கற்றுக்கொடுக்கவில்லை. தம்பி பதினாறு வயதில் தானே கேட்டான். அப்பா அவனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தளையைக் காலில் மாட்டிவிட்டு நான்கடி ஏறச் சொன்னார். ஏறினான். நன்றாகவே ஏறினான். அப்பா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அவனை இறக்கிவிட்டுத் தளையைக் கழற்றிக்கொண்டு, "போதும், படி" என்று போய்விட்டார். தம்பி இப்போது தூத்துக்குடியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். கை அப்பாவின் கைதான். செம்புக் கம்பி சுற்றி முடித்ததும் நுனியைப் பிடித்து மூன்று தடவை இழுப்பான். அவனிடம் நான் இதைச் சொன்னதில்லை. இந்த இதழைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பா செய்தது சரியா என்று எனக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. மகன் விழக்கூடாது என்று நினைத்த தகப்பனை எப்படிக் குறை சொல்ல? ஆனால் எந்த மரத்தை எவ்வளவு இடுக்க வேண்டும் என்று அவர் விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் தை மாதத்தோடு போயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் பத்து நாள் உட்கார்ந்திருந்தால் பாதியாவது எழுதியிருக்கலாம். அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளினேன். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தச் சனிக்கிழமையே உட்காருங்கள்.

அவருடைய சாமான்களை என்ன செய்தீர்கள்? அருங்காட்சியகம் எதற்காவது கொடுக்கலாமே. (வாசகர், சென்னை)

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அவை வேலையில் இருக்கின்றன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு, எங்கள் தெருப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். திருப்பூரில் ஐந்து வருடம் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியவன். பக்கத்து ஊர்ப் பெரியவரிடம் இரண்டு பருவமாகப் பனையேறக் கற்றுக்கொண்டிருக்கிறான். அம்மாவிடம், "ஆச்சி, தாத்தாவோட அருவாப்பெட்டி சும்மாதான இருக்கு?" என்று கேட்டான். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அரிவாள் பெட்டி, கடிப்பு இரண்டு, முருக்குத்தடி எல்லாம் எடுத்துவந்து கொடுத்தாள். தளைநாரை மட்டும் கொடுக்கவில்லை. அதை அன்றைக்கே துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டுவிட்டாள். தீட்டுப்பலகை என்னிடம் இருக்கிறது. நடுவில் கை உள்ளே அமுங்கும் அளவுக்குக் குழிந்திருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ஏழு மரத்தில் பாளை விட்ட மூன்றை அவனுக்கே விட்டிருக்கிறோம். பாட்டம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பங்குனி முதல் வாரத்தில் ஒரு செம்பு நிறையப் பதநீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். அம்மா நின்றபடியே குடித்துப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு ஒரு விரல் கூடிப்போச்சு, நாளைக்குக் கொறச்சுத் தடவு" என்று செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.